ஜோசப் ஒசானா

ஜோசப் பிராங்க் ஒசானா (டிசம்பர் 10, 1928 – நவம்பர் 28, 1977) அமெரிக்க மின்பொறியாளரும் கணினி நிரலாளரும் ஆவார். பெல் ஆய்வுக்கூடத்தில் யுனிக்ஸ் இயக்குதளம் உருவான காலத்தில், அதன் ஆவணமாக்க மென்பொருள்களான என்ராஃப், டீராஃப் ஆகியவற்றை எழுதியவர் இவரே. யுனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் ஒரு கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால், அதன் மூலக்கோப்பு இன்றும் பெரும்பாலும் இவர் வகுத்த குறிமொழியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரே ஆவணத்தை வெவ்வேறு கணினிகளிலும் வெவ்வேறு அச்சுக்கருவிகளிலும் திருத்தமின்றிப் பயன்படுத்துவது எப்படி என்னும் சிக்கலின் வரலாறு இவருடைய பணியோடும், அப்பணி முழுமை பெறுமுன் நேர்ந்த இவருடைய மறைவோடும் பிணைந்துள்ளது.

இளமையும் தொடக்கப் பணிகளும்

ஒசானா மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அந்நகரிலுள்ள வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1952 இல் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் நியூ செர்சியின் மரே இல் பகுதியிலிருந்த பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். குறைந்த இரைச்சலுடைய மிகைப்பிகளின் வடிவமைப்பு, செயற்கைக்கோளை நோக்கி அலைவாங்கியைத் திருப்ப வேண்டிய கோணத்தைக் கணித்தல், நகரும் வானொலியில் அலை மங்குதல் பற்றிய கோட்பாடு ஆகியன இவருடைய தொடக்ககால ஆய்வுத் துறைகள். மென்பொருளுக்கு வந்தபோதும் இவர் வன்பொருளோடு நேரடியாகப் பழகிய பொறியாளராகவே இருந்தார். இது பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1960களின் நடுவில் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் கூட்டாக மேற்கொண்ட மல்டிக்ஸ் இயக்குதளத் திட்டத்தில் ஒசானா பங்கேற்றார். அதன் உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பை விளக்கி 1965 இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் மூவருள் இவர் ஒருவர். 1969 இல் பெல் ஆய்வுக்கூடம் திட்டத்திலிருந்து விலகியது. அப்போது அங்கு எஞ்சியிருந்த சிறு குழுவில் கென் தாம்சன், டென்னிசு ரிட்ச்சி, டக்ளசு மெக்கில்ராய் ஆகியோருடன் ஒசானாவும் இருந்தார்.

பிடிபி-11 வாங்கப்பட்டமை

மல்டிக்ஸ் அனுபவத்துக்குப் பின் இன்னுமொரு இயக்குதள ஆய்வுக்காகக் கணினி வாங்கித் தர மேலாளர்கள் விரும்பவில்லை. தாம்சனும் ரிட்ச்சியும் பழைய பிடிபி-7 கணினி ஒன்றில் யுனிக்சின் முதல் வடிவத்தை இயக்கிக்கொண்டிருந்தனர். 1970 இல், சுமார் 65,000 டாலர் விலையில் புதிய பிடிபி-11 கணினி வாங்கும் முன்மொழிவு வைக்கப்பட்டது. இம்முறை நோக்கம் இயக்குதளம் எனக் கூறப்படவில்லை. ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்தி வடிவமைக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்குவதே நோக்கம் என எழுதப்பட்டது. இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒசானா முக்கியமானவர். அந்த ஆண்டு மே மாதத்தில் கணினிக்கு ஆணை வழங்கப்பட்டது. வட்டு வந்து சேர டிசம்பர் ஆயிற்று.

முதல் வெளிப் பயனாளராக அமைந்தது ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைத் துறை. காப்புரிமை விண்ணப்பங்களின் பக்கங்களில் வரிகளுக்கு எண் இடப்படவேண்டும். யுனிக்சிலிருந்த ராஃப் என்னும் வடிவமைப்பு நிரலில் இந்த வசதி சேர்க்கப்பட்டது. 1971 இன் பிற்பாதியில் அத்துறையின் தட்டச்சர் மூவர் நாள் முழுவதும் இக்கணினியில் வேலை செய்தனர். அதன் நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட்டு. ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய கருவிகளைத் தேடிப் பெற்றுத் தருவதிலும், வெளித் துறையினரை யுனிக்சின்பால் ஈர்ப்பதிலும் ஒசானா வல்லவராக இருந்தார். யுனிக்ஸ் பற்றிய பொது நூல்களில் இவருடைய இப்பங்கு ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. ஆனால் ஆவணமாக்கம் என்னும் இக்காரணம் இல்லாதிருந்தால் யுனிக்சுக்கு அந்தக் கணினி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

என்ராஃப்

ராஃப் நிரலுக்கு ஒரு மூதாதை உண்டு. மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரலே அது. ராஃப் எளிமையானது. ஆனால் பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு முதலியவற்றை அதன் ஆசிரியர் முடிவு செய்த வகையில் மட்டுமே அமைக்கும். ஒசானா புதிதாக எழுதிய என்ராஃப், வடிவமைப்பைப் பயனாளரே நிரலாக எழுதிக்கொள்ள இடமளித்தது. குறுங்கட்டளைத் தொகுப்புகளை வரையறுத்தல், எண்களைச் சேமித்தல், நிபந்தனைகளைச் சோதித்தல், பக்கத்தின் குறிப்பிட்ட உயரத்தை எட்டியதும் தானாக இயங்கும் பொறிகளை வைத்தல் ஆகியன இதில் இருந்தன.

கட்டளைகள் வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளியுடன் தொடங்கும். பெயர் இரண்டு எழுத்துகளுக்கு மேல் செல்லாது. பிடிபி-11 கணினியின் ஒரு சொல் 16 பிட்டு கொண்டது. அதில் இரண்டு எழுத்துகள் சரியாக அடங்கும். நினைவகச் சிக்கனத்துக்காக எடுக்கப்பட்ட இந்த முடிவின் விளைவு பின்னர் விளக்கப்படுகிறது.

டீராஃபும் ஒளி அச்சுக்கோப்புப் பொறியும்

1973 அளவில் ஆய்வுக்கூடத்துக்கு கிராபிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஒளி அச்சுக்கோப்புப் பொறி ஒன்று வாங்கப்பட்டது. எழுத்துருக்கள் படச்சுருள் துண்டுகளில் இருக்கும். அவற்றினூடே ஒளி பாய்ந்து ஒளிப்படத் தாளில் எழுத்தைப் பதிக்கும். பின்னர் அத்தாளை வேதிக்கரைசலில் உருத்துலக்க வேண்டும். ஒரு நேரத்தில் 4 எழுத்துருக்கள், ஒவ்வொன்றிலும் 102 குறிகள், 6 முதல் 36 புள்ளி வரை 15 அளவுகள் என்பதே அப்பொறியின் எல்லை. துளையிட்ட காகித நாடா மூலம் இயங்க வடிவமைக்கப்பட்ட இப்பொறி, ஆய்வுக்கூடத்தில் கணினியுடன் நேரடியாக இணைக்கப்பட்டது. அதற்காக ஒசானா எழுதிய நிரலே டீராஃப்.

என்ராஃபும் டீராஃபும் ஒரே உள்ளீட்டை ஏற்பன. ஆசிரியர் ஒரு கோப்பை எழுதினால், அதனைத் தட்டச்சு முனையத்தில் வரைவாகவும் அச்சுக்கோப்புப் பொறியில் நூற்பக்கமாகவும் பெறலாம். உள்ளே டீராஃப் ஓர் அங்குலத்தை 432 அலகுகளாகவும், என்ராஃப் 240 அலகுகளாகவும் கணக்கிட்டன. எனினும் ஆசிரியர் அங்குலம், சென்டிமீட்டர், எழுத்தின் அகலம் போன்ற அளவைகளில் எழுதினால் மாற்றத்தை நிரலே செய்துகொள்ளும். எந்த நிரலில் இயங்குகிறோம் என்பதைக் கோப்பே சோதித்து அதற்கேற்ப நடக்கவும் வழி இருந்தது. பல்வேறு முனையங்களின் இயல்புகளுக்கெனத் தனித்தனி அட்டவணைகளை என்ராஃப் வைத்திருந்தது.

இவ்வாறு உள்ளீடு கருவியைச் சாராததாயிற்று. ஆனால் டீராஃப் நிரல் அவ்வாறு இல்லை. அந்த ஒரே பொறியின் எழுத்துரு எண்ணிக்கையும் அளவுகளும் நிரலெங்கும் கலந்திருந்தன. முதலில் பிடிபி-11 கணினியின் பொறிமொழியில் எழுதப்பட்டிருந்த அதனை ஒசானா 1975 அளவில் சி மொழிக்கு மாற்றினார். இதனால் யுனிக்ஸ் வேறு கணினிகளுக்குச் சென்றபோது டீராஃபும் உடன் செல்ல முடிந்தது. அச்சுக்கோப்புப் பொறி மட்டும் மாறவில்லை. 1976 அக்டோபரில் இரு நிரல்களுக்குமான பயனர் கையேட்டை ஒசானா வெளியிட்டார். செறிவான, சுருக்கமான அந்நூல் தொடக்கநிலையாளருக்கு எளிதன்று.

இதற்கிடையில் லாரிண்டா செர்ரியும் பிரையன் கெர்னிகனும் கணிதச் சமன்பாடுகளுக்கும், மைக்கேல் லெஸ்க் அட்டவணைகளுக்கும் முன்செயலிகளை எழுதினர். இவை அனைத்தும் டீராஃபின் மேல் அமர்ந்தவை. 1978 இல் வெளிவந்த சி நிரல்மொழி நூலும் இவற்றைக் கொண்டே அச்சுக்கோக்கப்பட்டது. அந்நூலை ஒசானா பார்க்கவில்லை.

மறைவும் அதன் பின்னும்

ஒசானா 1977 நவம்பர் 28 அன்று நியூ செர்சியில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

ஆய்வுக்கூடத்தின் கட்டுரைகளும் கையேடுகளும் நூல்களும் அவர் எழுதிய நிரலையே நம்பியிருந்தன. பல ஆயிரம் வரிகள் கொண்ட அந்த நிரலில் விளக்கக் குறிப்புகள் அரிதாகவே இருந்தன. சிறிய நினைவகத்தில் அடக்குவதற்காகச் செய்யப்பட்ட நுணுக்கங்கள் பல அதில் இருந்தன. அவற்றின் காரணம் அறிந்தவர் ஒருவரே. இயங்கும் நிரலைக் கெடுத்துவிடக் கூடாது என்னும் அச்சம் இயல்பானது. ஆனால் பழைய பொறிக்கு மாற்று தேவைப்பட்டது. 1979 இல் லைனோட்ரான் 202 என்னும் புதிய அச்சுக்கோப்புப் பொறி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அப்போது கெர்னிகன் டீராஃபைத் திருத்தும் பணியை ஏற்றார்.

அவர் நிரலைப் புதிதாக எழுதவில்லை. ஒசானாவின் மொழியை அவ்வாறே வைத்துக்கொண்டு, வெளியீட்டை எந்தப் பொறிக்கும் உரியதல்லாத எளிய எழுத்துக்கோப்பாக மாற்றினார். ஒவ்வொரு கருவியின் எழுத்துரு அளவுகளும் தனி விவரக் கோப்புகளுக்குச் சென்றன. அந்த இடைக் கோப்பைப் படித்துக் குறிப்பிட்ட பொறியை இயக்கும் சிறு நிரலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதனால் பழைய ஆவணங்கள் எதனையும் திருத்தாமல் புதிய அச்சுப்பொறிகளில் அச்சிட முடிந்தது. இப்பதிப்பு கருவிசாரா டீராஃப் எனப்பட்டது.

கையேட்டுப் பக்கங்களும் நிறுவல் நிரல்களும்

1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், கையேட்டுப் பக்கங்களுக்கென டீராஃப் குறுங்கட்டளைத் தொகுப்பு ஒன்று இடம்பெற்றது. யுனிக்ஸ் பல நிறுவனங்களின் கைகளுக்குச் சென்றபின் இப்பக்கங்களை எல்லா வகைகளிலும் நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. பெர்க்லி வழியில் கோப்பு வடிவங்கள் 5 ஆம் பிரிவிலும், நிருவாகக் கட்டளைகள் 8 ஆம் பிரிவிலும் வைக்கப்பட்டன. சிஸ்டம் ஃபைவ் வழியிலோ கோப்பு வடிவங்கள் 4 ஆம் பிரிவுக்குச் சென்றன. நிருவாகக் கட்டளைகள் முதற்பிரிவின் துணைப்பிரிவாயின. ஆவணமாக்க மென்பொருள் தனியாக விலைக்கு விற்கப்பட்டதால் சில வணிக யுனிக்ஸ்களில் என்ராஃப் இருக்கவே இல்லை. அங்கு முன்னரே வடிவமைத்த பக்கங்கள் மட்டும் வழங்கப்பட்டன. எனவே ஷெல் மொழியில் நிறுவல் நிரல் எழுதுவோர் என்ராஃப் உள்ளதா எனச் சோதித்து, இல்லையெனில் வடிவமைத்த பக்கத்தை வேறோர் அடைவில் இடவேண்டியிருந்தது. நிரல் இயங்கினாலும் அதன் கையேடு தவறான அடைவில் விழுந்தால் பயனாளருக்கு அது இல்லாததற்குச் சமம்.

1990 இல் ஜேம்ஸ் கிளார்க் வெளியிட்ட ஜீராஃப் என்னும் கட்டற்ற மென்பொருள், ஒசானாவின் மூலநிரல் எதனையும் பயன்படுத்தாமல் அவருடைய மொழியை மட்டும் ஏற்று எழுதப்பட்டதாகும். இது நீண்ட கட்டளைப் பெயர்களையும் அனுமதித்தது. முன்னர் கூறிய ஈரெழுத்து விதி இங்கே சிக்கலானது. பழைய டீராஃபில் முதல் இரண்டு எழுத்துகளே பெயர். எனவே பெயருக்கும் அதன் மதிப்புக்கும் இடையே வெற்றிடம் விடாமலும் எழுதலாம். ஜீராஃப் அதே வரியை முழுவதும் ஒரே நீண்ட பெயராகப் படிக்கும். அப்படியொரு கட்டளை இல்லாததால் வரியைத் தவறவிடும். எதிர்த்திசையில், ஜீராஃபின் நீண்ட பெயர்களைப் பழைய டீராஃப் முதல் இரண்டு எழுத்துகளாக வெட்டிப் படித்து வேறெதையோ செய்யும். ஆகவே எல்லா யுனிக்ஸ்களிலும் படிக்கத்தக்க கையேடு எழுத விரும்புவோர், ஈரெழுத்துக் கட்டளைகளை மட்டும் பயன்படுத்தி, வெற்றிடத்தையும் தவறாமல் விடவேண்டும்.

கையேட்டைக் காட்டும் கட்டளையை 1992 இல் போசிக்ஸ் தரம் வரையறுத்தது. கையேடு எழுதப்படும் குறிமொழியை அது வரையறுக்கவில்லை. இதனால் ஒசானாவின் 1976 ஆம் ஆண்டுக் கையேடும், 1992 இல் கெர்னிகன் திருத்திய அதன் பதிப்பும் அம்மொழிக்கு இலக்கணம் போல் பயன்பட்டு வருகின்றன. 2010 இல் ஓப்பன்பிஎஸ்டி இயக்குதளம் தன் அடிப்படைத் தொகுதியிலிருந்து ஜீராஃபை நீக்கி மேண்டாக் என்னும் சிறிய நிரலை ஏற்றது. கையேட்டுப் பக்கங்களுக்கெனவே எழுதப்பட்ட அந்நிரலும் ஒசானாவின் அடிப்படைக் கட்டளைகளில் பலவற்றைப் புரிந்துகொள்கிறது.