புள்ளிக் கோலத்துக்கு இலக்கணம் எழுதியவர்: யார் இந்த கிஃப்ட் சிரோமணி?

தீபாவளிக்கு ஒரு போஸ்டர் செய்கிறீர்கள். பின்னணிக்கு ஒரு கோலப் படத்தை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரப்புகிறீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு படத்தின் வலது ஓரத்தில் முடிகிற கோடு, அடுத்த படத்தின் இடது ஓரத்தோடு சேரவே சேராது. யானில் மட்டுமில்லை, எந்த ஊர் பேனரிலும் இதைப் பார்த்திருப்பீங்க.

ஒட்டு தெரியாமல் நிரப்புவது எப்படின்னு கோலம் போடுகிற உங்கள் பாட்டியின் விரலுக்குத் தெரியும். அந்த விரலின் கணக்கைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனவர் கிஃப்ட் சிரோமணி.

1932இல் பிறந்தவர். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். (புள்ளியியல்காரர் புள்ளிக் கோலத்தில் போய் நின்றது தற்செயல்தான்!) ஒரு துறைக்குள் அடங்குகிற ஆள் இல்லை. பல்லவர் சிற்பங்களை ஆராய்ந்தார். அச்சடித்த தமிழ் எழுத்தைக் கணினியே அடையாளம் காணும் முறை பற்றி 1978லேயே சக ஆய்வாளர்களோடு கட்டுரை எழுதினார். 1980இல் திருக்குறளைப் பழங்கால எழுத்து வடிவங்களில் கொண்டுவந்த குழுவிலும் இருந்தார்.

மனைவி ராணி சிரோமணி, கணினி மொழிகளின் இலக்கணத்தை ஆராய்ந்தவர். சில விதிகளை வைத்து எண்ணற்ற வாக்கியங்களை உருவாக்கலாம். அதேபோல சில விதிகளை வைத்துப் படங்களை உருவாக்க முடியுமா? வாக்கியம் ஒரே வரியில் ஓடும். படத்துக்கோ வரிசையும் வேணும், நெடுக்கும் வேணும். இரண்டும் கோலப் புள்ளிகளில் ஏற்கெனவே இருந்தன.

1974இல் கிஃப்ட், ராணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் சேர்த்து எழுதிய கட்டுரை, கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. வாசலில் போட்டுப் பொழுது சாய்வதற்குள் மிதிபட்டு அழிகிற ஒன்று, பெண்கள் பொழுதுபோக்கு என்று பலர் கடந்துபோன ஒன்று, அங்கே ஆய்வுப் பொருளாக நின்றது. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

சரி, ஒட்டு ஏன் தெரிவதில்லை? கம்பிக் கோலத்தை எடுத்துக்குவோம். சில ஊர்களில் இதுதான் சிக்குக் கோலம். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு சதுரம் இருப்பதாக நினைச்சுக்குங்க. கோடு சதுரத்தின் ஓரத்தைத் தொடுவது பக்கத்தின் நடுவில் மட்டும்தான். அந்த இடத்தில் அது அடுத்த சதுரத்துக்குள் போகும், இல்லைன்னா வளைந்து திரும்பும். வலது ஓரத்தில் எங்கெல்லாம் கோடு வெளியே போகிறதோ, இடது ஓரத்திலும் அதே உயரங்களில் உள்ளே வந்தால் போதும். அந்தத் துண்டை எத்தனை முறை அடுக்கினாலும் ஒட்டு தெரியாது. அதனால கோலப் படத்தை வெட்டும்போது புள்ளி மேலே வெட்டாதீங்க, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வெட்டுங்க.

இன்னொன்றும் தாளில் போட்டுப் பாருங்க. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. எல்லாப் புள்ளிகளுக்கு நடுவிலும் கோட்டைக் குறுக்கே விட்டு, வெளி ஓரத்தில் மட்டும் திருப்பினால், கை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். 4க்கு 4 என்றால் தனித்தனியாக 4 கோடுகள் வரும். ஒரு வரிசை கூடினாலே கணக்கு மாறிவிடும்.

கை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே சுழிக்கிறது என்ற அசைவுகளையே எழுத்துகளாக வைத்து, கம்பிக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதும் வேலையில் இருந்தார் கிஃப்ட். 1988இல், 55 வயதில் காலமானார். அந்தக் கட்டுரை அடுத்த ஆண்டு, அவர் நினைவாக வந்த தொகுப்பில்தான் வெளியானது. ஆசிரியர்களில் அவர் பெயரும் இருந்தது, ராணியின் பெயரும் இருந்தது.

பட இலக்கண ஆய்வு பின்னர் நம்ம பக்கமும் வந்தது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்தும் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியாகியுள்ளன. யானிலிருந்து பாலம் தாண்டினால் போய்ச்சேரும் தூரம்தான்.