அரிப்பு மாளிகையும் அழிந்த பள்ளிகளும்
(தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அவர்களின் வரலாறு)

மன்னார்ப் பெருநிலத்தின் மேலைக் கரையிலே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், அரிப்பு என்னும் சிற்றூர் உள்ளது. ஆங்கே கடலை நோக்கி உயர்ந்த மண்மேட்டின் விளிம்பில், செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய பெருங் கட்டடமொன்று இடிந்து கிடப்பதைச் சுற்றுலாச் செல்லும் மாணவர் கண்டிருப்பர். அதனை அல்லிராணிக் கோட்டை என ஊரார் வழங்குவர். அருச்சுனனை மணந்த அல்லியரசாணியின் கதை நம் மக்கள் நெஞ்சிற் பதிந்திருப்பதே அப்பெயர்க்குக் காரணம். உண்மையில் அது அரசியின் கோட்டையன்று. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த் என்பார், சலாப காலத்தில் வந்து தங்குதற்பொருட்டுத் தாமே அமைப்பு வகுத்து, 1801 முதல் 1804 வரையுள்ள காலத்திற் கட்டுவித்த மாளிகையாகும். பண்டைக் கிரேக்கரின் தூண் அமைப்பைத் தழுவியதாதலின் ஆங்கிலேயர் அதனை டோரிக் மாளிகை என்றனர். கட்டியவர் பெயரை ஊரார் மறந்தனர். எனினும் அரசிறை, கல்வி, ஆட்சியதிகாரம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அறிய விழைவார்க்கு அவர் வாழ்க்கை ஒரு நல்ல பாடம்.

நோர்த் அவர்கள் 1766ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆம் நாள் பிறந்தார். இவர்தம் தந்தையார் நோர்த் பிரபு 1770 முதல் 1782 வரை பிரித்தானியாவின் பிரதம மந்திரியாக விளங்கியவர். அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை மீதிருந்த வரியை நீக்க மறுத்தமையால் 1773இல் பொஸ்ரன் துறைமுகத்திலே தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டதும், ஈற்றில் அந்நாடே கைவிட்டுப் போனதும் இவர் காலத்து நிகழ்ச்சிகள். அப்பொழுது மூன்றாம் மகனாகிய பிரெடரிக் சிறுவர். ஈற்றன் கல்லூரியிலும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலும் பயின்ற இவர், பன்மொழிப் புலமை வாய்ந்தவர். கிரேக்க இலக்கியத்தில் தீராக் காதல் கொண்டவர். கிரேக்க நாட்டுப் பக்கம் யாத்திரை செய்தபோது, 1791இல் கோர்பூத் தீவிலே கிரேக்க வைதீகத் திருச்சபையைத் தழுவினார். பின்னர் பாராளுமன்ற அங்கத்தவராயும், ஆங்கிலேயர் வசமிருந்த கோர்சிக்காத் தீவிலே அரசாங்கச் செயலாளராயும் பணியாற்றி, 1798ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலங்கையின் தேசாதிபதியாக வந்திறங்கினார். அப்போது அவர்க்கு வயது 32.

அவர் கையேற்ற நாட்டின் நிலை செவ்விதாக இருக்கவில்லை. 1795இலும் 1796இலும் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர நாடுகளைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பனி, அவற்றைச் சென்னையிலிருந்து ஆண்டது. முதலியார்மாரை ஒதுக்கிவிட்டுச் சென்னையிலிருந்து வந்தவர்களைக் கொண்டு வரி தண்டினர். தென்னை மரங்களுக்கும் வரி விதித்தனர். நாட்டு வழக்கறியாத இவ்வாட்சியைப் பொறாத மக்கள் 1797இற் கலகம் விளைத்தனர். அக்கலகத்தின் விளைவாகவே முடியின் சார்பில் ஒரு தேசாதிபதி அனுப்பப்பட்டார். ஆயினும் 1802ஆம் ஆண்டு தொடங்கும்வரை அவர் கம்பனிக்கும் கட்டுப்பட்டவர். அஃதாவது, கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் ஒருங்கே விடையிறுக்க வேண்டியவராயினார்.

தென்னை வரியை நீக்கினால் அதனால் வந்த பணத்திற்கு மாற்று வழி வேண்டுமன்றோ? நகையணிவோர் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் பணம் செலுத்துக என்று ஒரு வரியை விதித்தார் நோர்த். செல்வரே நகையணிவர், ஆதலின் ஏழைக்கு இது சுமையாகாது என்பது அவர் கருத்துப் போலும். தாலியும் தோடும் செல்வத்தின் அடையாளம் மட்டுமல்ல, மங்கலத்தின் அடையாளமுமாம் என்பது நம்மவர்க்குச் சொல்லாமலே விளங்கும், அவர்க்கு விளங்கவில்லை. மக்கள் எதிர்த்தனர். வரியால் ஒரு நாட்டை இழந்த அமைச்சரின் மைந்தர், வேறொரு நாட்டில் அதே இடத்திற் கால் இடறியது வியப்புக்குரியது. இராசகாரிய முறையை ஒழித்து, கூலி கொடுத்து வேலை வாங்கவும், நிலங்களைத் தனியுடைமையாக்கி விளைவில் வரி பெறவும் முனைந்தார். நோக்கம் உயர்ந்தது, ஆயின் நில அளவையும் உரிமைப் பதிவும் முற்றுப்பெறு முன்னரே கட்டளை பிறந்தமையால் குழப்பமே மிஞ்சிற்று.

இனி, மன்னார்க் கடல் அவர்தம் திறைசேரிக்கு எவ்வளவு துணையாயிற்று என்பதைக் காண்போம். அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி ஆகிய கரைகளுக்கு எதிரே கடலடியில் முத்துச் சிப்பிப் பார்கள் உள. அந்நாளில் மாசி, பங்குனி மாதங்களில் கடல் அமைதியுறும்போது சலாபம் கூடும். தென்பாண்டிக் கரையிலிருந்து குளிகாரர் படகுகளில் வருவர். நள்ளிரவில் நிலக்காற்றோடு பாய் விரித்துப் புறப்பட்டு, விடியலில் பாரை அடைந்து, கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு மூழ்கி, மூச்சடக்கி, கூடையிற் சிப்பி வாரி மேலெழுவர். சுறாமீனின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் எனப்பட்ட கடற்கட்டி இல்லாமல் எவரும் நீரில் இறங்கார். ஆதலின் அவர்க்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து வந்தது. மணல் வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே தோன்றி மறையும்.

1797, 1798 ஆகிய ஈராண்டுகளிலும் இச்சலாபத்தால் ஆண்டுக்கு ஓரிலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வருவாய் கிடைத்தது. இஃது என்றும் வற்றா ஊற்றென எண்ணியதே பிழை. சிப்பி முதிர்வதற்கு நாலைந்து ஆண்டுகள் வேண்டும். முதிராமுன் எடுத்தால் முத்தில்லை. காலம் தாழ்த்தினால் சிப்பி தானே மடியும். கடல் நீரோட்டம் பார் முழுவதையும் வாரிச் செல்வதும் உண்டு. தொடர்ந்து மூன்றாண்டுகள் குளித்த பின்னர், 1799இல் நோர்த் அவர்களின் காலத்துச் சலாபம் மிகச் சுருங்கிற்று. அது போதாதென்று, அச்சலாபத்தில் மோசடி நிகழ்ந்ததென்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதனை மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவர் இலங்கையின் முதற் பிரதம செயலாளராகிய இயூ கிளெக்கோர்ன். இருவருக்குமிடையே மூண்ட பிணக்கு முற்றி, 1800இல் அவர் பதவி துறந்து சென்றார். அரசுக்குரிய முத்து எங்கே போயிற்று என்ற வினா ஆட்சியின் உச்சியையே அசைத்தது.

இத்துணை இடர்களுக்கு நடுவிலும் நோர்த் அவர்கள் உளமார விரும்பிச் செய்தது கல்விப் பணியே. ஒல்லாந்தர் காலத்துக் கோயிற்பற்றுப் பள்ளிகள் அவர்கள் வீழ்ந்தபின் ஆசிரியர்க்குச் சம்பளமின்றிப் பாழடைந்து கிடந்தன. அவற்றைத் திரும்பத் திறப்பித்து, 1799இல் வந்த யேம்ஸ் கோடினர் என்ற குருவைப் பள்ளிகளின் அதிபராக்கினார். 1801இல் அத்தகைய பள்ளிகள் 170 ஆயின. தமிழ், சிங்கள, ஐரோப்பியப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துப் பயிற்றும் உயர்தரப் பள்ளியொன்றும் கொழும்பில் நிறுவப்பட்டது. இப்பள்ளிகள் புரொட்டஸ்தாந்த சமயத்தைப் பரப்பும் கருவிகளாகவும் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. சைவப் பிள்ளைக்கு அவை சொந்த வீடாக இருந்திரா. எனினும், குடிமக்களின் கல்விக்கு அரசிறையிலிருந்து பொருள் ஒதுக்குவது ஆள்வோர் கடன் என்பதை அந்நாளில் ஏற்றுக்கொண்ட ஆங்கில அதிகாரிகள் மிகச் சிலரே. அச்சிலருள் அவர் முதல்வர். அம்மைப்பால் குத்துதலை 1802இல் இந்நாட்டிற் புகுத்தியதும், 1800இல் நில அளவைத் திணைக்களம் தோன்றியதும், 1802இல் அரசாங்க வர்த்தமானி வெளிவரத் தொடங்கியதும் அவர் ஆட்சியிலேயே.

1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. தேசாதிபதிக்கு ஆலோசனைச் சபை ஒன்று அமைந்தது. ஆயினும் அச்சபையின் கருத்தை அவர் ஏற்றே தீரவேண்டும் என்ற நியதியில்லை. சட்டம் இயற்றல், வரி விதித்தல், படை நடத்தல் ஆகிய யாவும் ஒருவர் கையிற் குவிந்தன. தடுப்பாரின்மையின் தீமை விரைவிலேயே வெளிப்பட்டது. கண்டி அரசனின் அதிகாரியாகிய பிலிமத்தலாவையோடு மறைவிற் பேச்சு நடத்திய நோர்த், 1803இன் தொடக்கத்தில் கண்டிமேற் படை செலுத்தி, முத்துச்சாமி என்பாரை அரசராக்கினார். அவ்வாண்டு யூன் மாதத்தில் அங்கு விடப்பட்ட ஆங்கிலப் படை அழிந்தது, முத்துச்சாமியும் உயிரிழந்தார். அவ்வாண்டிலேயே வன்னியிற் பண்டாரவன்னியன் எழுச்சி கொள்ள, அவனை ஒடுக்குதற்கு மன்னாரிலிருந்தும் ஒரு படை சென்றது. போர் திறைசேரியைக் குடித்தது.

பிரான்சோடு நெடும்போரில் ஈடுபட்டிருந்த இலண்டன் அரசோ எங்கும் சிக்கனம் வேண்டி நின்றது. 1803இல் ஆணை வந்தது: இலங்கையின் கல்விச் செலவு முழுவதும் ஆண்டொன்றுக்கு 1,500 பவுணுக்குள் அடங்கவேண்டும். கொழும்பு உயர்பள்ளி ஒருவாறு தப்பியது. கோயிற்பற்றுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் நின்றது. பதிவுத் தொழிலாலும் பிறவாற்றாலும் சிறு வருவாய் பெற்ற ஆசிரியர் சிலர் பள்ளியைப் பெயரளவில் நடத்தினர். ஏனைய பள்ளிகள் மூடுண்டன.

ஈண்டு ஒரு கணக்கைச் சிந்தித்தல் வேண்டும். அடுத்த ஆண்டாகிய 1804இல் மன்னார்ச் சலாபம் 120,000 பவுணுக்குக் குத்தகை பேசப்பட்டது. அத்தொகை முழுவதும் அரசின் கைக்கு வந்துசேரவில்லை என்பது மெய்யே. எனினும், ஒரு பருவத்துச் சலாபத்திற்குப் பேசிய தொகையில் எண்பதில் ஒரு பங்குதான் கரைநாடு முழுவதன் ஓராண்டுக் கல்விக்கு அளந்த எல்லை. சுறாவின் வாயைக் கட்டியவர்க்குச் சம்பளம் இருந்தது; பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர்க்கு இல்லை. அரிப்பில் வெண்சுண்ணத் தூண்கள் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஊர்ப்பள்ளிகள் சாய்ந்துகொண்டிருந்தன. இதற்கு நோர்த் அவர்களை மட்டும் குறைகூறல் நீதியாகாது. வெட்டு விழுந்தது இலண்டனிலிருந்து. ஆனால் தம் மாளிகைக்குக் கல் அடுக்கியவர், பள்ளிகட்கு நிலையான வருவாயொன்றை ஒதுக்கி அடித்தளம் இட்டாரல்லர். அவர்தம் விருப்பமே பள்ளிகளின் ஆதாரமாயிற்று. விருப்பம் வலியிழந்தவுடன் பள்ளிகளும் வீழ்ந்தன.

1805ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நோர்த் இலங்கையை விட்டகன்றார். பின்வந்த தோமஸ் மெயிற்லண்ட் கண்டிப்பு மிக்க படைத்தலைவர். முன்னவரின் செலவுகளைக் கடிந்து, அவர் செய்த மாற்றங்கள் பலவற்றைத் தலைகீழாக்கினார்.

விதி அவ்விருவரையும் மீண்டும் ஓரிடத்தில் எதிர்ப்படச் செய்தது. 1817இல் கில்போட் பிரபுப் பட்டம் எய்திய நோர்த், தம் இளமைக் கனவாகிய கிரேக்க மக்களின் கல்விக்குத் தம்மை ஒப்படைத்தார். கோர்பூ முதலிய அயோனியத் தீவுகள் அப்போது ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்தன. ஆங்கே அதிகாரம் செலுத்தியவர் அதே மெயிற்லண்ட்! பல்கலைக்கழகம் வேண்டுமென்று நோர்த் கேட்க, அவர் தடையாய் நின்றார். 1824இன் தொடக்கத்தில் மெயிற்லண்ட் காலமான பின்னரே, அவ்வாண்டு மே மாதத்திற் கோர்பூவில் அயோனியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. மக்களின் சொந்த மொழியாகிய கிரேக்கமே அங்குப் போதனா மொழி. ஏழை மாணவரை நோர்த் தம் செலவிலேயே ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பிப் பயிற்றி, ஆசிரியராக்கினார். பண்டைக் கிரேக்கர்போல் உடை தரித்துலாவிய அம்முதியவரைக் கண்டு நகைத்தாரும் உளர். அவர் பொருட்படுத்தவில்லை.

1827ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் நாள் இலண்டனிலே அவர் உயிர் நீத்தார். வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய பெரும் நூல்நிலையத்தை, அத்தீவுகளின் அரசு சில நிபந்தனைகளை நிறைவேற்றுமாயின் பல்கலைக்கழகத்துக்குச் சேர்க என மரணசாசனம் எழுதியிருந்தார். நிபந்தனை நிறைவேறவில்லை, நூல்கள் இலண்டனில் ஏலத்திற் சிதறுண்டன. இலங்கையிற் கண்ட அதே முடிவு! ஒருவர் கொடையாகத் தந்ததை அரசு தன் கடனாக ஏற்கவில்லை, ஏற்காதது நிலைக்கவில்லை.

இவ்வரலாறு நமது கல்லூரியின் விழா மலரில் இடம்பெறுதற்குக் காரணம் உண்டு. அரசு கைவிட்ட பள்ளிகளின் இடத்தை, 1812 முதல் வந்த மிசனரிமார் ஒருபுறம் நிரப்பினர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளி தொடங்கிய ஆறுமுக நாவலர், மற்றொரு வழியைக் காட்டினார். பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்துதல் அவ்வழி. ஒரு தேசாதிபதியின் கையெழுத்தில் அன்று, ஆயிரம் அடுக்களைகளில் வேரூன்றிய பள்ளி அது. 1945இல் இலவசக் கல்வி சட்டமான பின்னரும், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவி நன்கொடைப் பள்ளிகள் பெரும்பாலன அரசின் கைக்குச் சென்ற பின்னரும், கல்வி மக்களின் உரிமையாயிற்று. தேசாதிபதியின் கருணையாக அது இன்றில்லை. அது பெரும்பேறு. ஆயினும் உரிமையும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் எண்ணாக எழுதப்பட்டாலன்றி வகுப்பறையை எட்டாது. அவ்வெண்ணை நோக்கி வினாவும் விழிப்பு நமக்கு வேண்டும். பழைய மாணவர் தம் பங்கை அளித்தலும் வேண்டும்; அதனைக் காட்டி அரசு தன் கடனைக் குறைத்துக்கொள்ளாதபடி காத்தலும் வேண்டும்.

மாணாக்கர்காள்! அடுத்த முறை அரிப்புக்குச் செல்லும்போது, அலை அரித்துக்கொண்டிருக்கும் அம்மாளிகையின் அடியிற் சற்று நில்லுங்கள். அதன் முன்னே விரிந்த கடலில் மூச்சடக்கி மூழ்கிய ஏழைகளின் உழைப்பே அன்றைய திறைசேரி. அவ்வுழைப்பின் பயன் அவர்தம் பிள்ளைகளுக்கு ஓர் ஏடாகவும் எழுத்தாகவும் திரும்பி வந்திருத்தல் வேண்டும், வரவில்லை. மாளிகையின் இடிபாடாவது இன்று கண்ணுக்குத் தெரிகின்றது. மூடுண்ட அப்பள்ளிகளுக்கோ இடிபாடும் இல்லை.