எலிச் சிறுநீர்க் கிருமிக்குப் பெயர் சூட்டியவர்

மாணவர்களே, மலேசியாவில் வெள்ளம் வடியும் நாட்களில் எலிச் சிறுநீர் நோய் பற்றிய எச்சரிக்கை வருவது வழக்கம். அந்நோய்க் கிருமிக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர் சூட்டியவர் ஜப்பானிய மருத்துவர் ஹிடேயோ நொகுச்சி. ஜப்பானின் 1000 யென் நோட்டில் இடம்பெற்ற முகம் அவருடையது. அவருடைய வெற்றிகளைவிட, அவர் சறுக்கிய இடமே எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

1876இல் ஃபுகுஷிமா வட்டாரத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அடுப்புக் குழியில் விழுந்ததில் இடக்கை கருகி, விரல்கள் ஒட்டிக்கொண்டன. தாய் ஷிகா அவரைப் படிக்க வைத்தார். ஆசிரியர்களும் சக மாணவர்களும் பணம் திரட்டி அறுவைச் சிகிச்சைக்கு உதவினர். கை ஓரளவு குணமானதும் தாமும் மருத்துவராக வேண்டும் என்று உறுதிகொண்டார். 20 வயதிலேயே மருத்துவத் தேர்வில் தேறினார். 1900இல் அமெரிக்கா சென்று, பின்னர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றினார்.

1915இல் ஜப்பானில் இனாடா ரியோகிச்சி குழுவினர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தனர். எலியின் சிறுநீரகத்தில் வாழும் அது, சிறுநீர் வழியே நீரிலும் சேற்றிலும் கலக்கிறது. தோலிலுள்ள காயம் வழியாக மனிதருக்கும் மாடு, நாய் போன்ற விலங்குகளுக்கும் தொற்றுகிறது. அதை ஆராய்ந்த நொகுச்சி, மெல்லிய சுருள் என்று பொருள்படும் கிரேக்க, இலத்தீன் சொற்களால் பெயரிட்டார்.

1918இல் மஞ்சள் காய்ச்சலை ஆராய ஈக்வடார் சென்றார். நோயாளிகளின் இரத்தத்தில் லெப்டோஸ்பைரா வகைக் கிருமியைக் கண்டு, மஞ்சள் காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்று அறிவித்தார். இரண்டு நோய்களிலும் காய்ச்சலோடு கண்ணும் தோலும் மஞ்சளாகலாம். அந்தத் தோற்ற ஒற்றுமைதான் வழி தவறச் செய்தது. 1926இல் வேறு ஆய்வாளர்கள், அவர் கண்டது எலிச் சிறுநீர் நோயின் கிருமியே என்று காட்டினர். மஞ்சள் காய்ச்சலைத் தருவது கொசு பரப்பும் வைரஸ்.

எதிர்ப்பு வலுத்தபோது, நேரில் சோதித்தறிய 1927இல் ஆப்பிரிக்காவின் அக்ரா நகருக்குப் புறப்பட்டார். அங்கே மஞ்சள் காய்ச்சல் அவரையே பற்றியது. 1928 மே 21ஆம் நாள், 51 வயதில் காலமானார்.

இன்றும் இந்த நோய் வேறொரு நோய்போல் வேடமிடுகிறது. தொடக்கத்தில் டெங்கி போலவே காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஆற்றிலோ வெள்ள நீரிலோ இறங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவு செய்ய அந்தத் தகவல் அவருக்கு உதவும்.