ரோஜா முத்தையா: காகிதங்களைக் காத்த மனிதர்

பெருங்குடியை அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, பெயர்ப் பலகை எழுதும் ஓவியர்.

1950களில் பழைய அச்சுப் பிரதிகளைச் சேர்க்கத் தொடங்கிய முத்தையா, வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை. நூல்களோடு நிற்காமல் திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம் என்று பிறர் குப்பையில் போடுவதையும் எடுத்து வைத்தார். அவருடைய கோட்டையூர் வீடே நூலகமாயிற்று. உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் உள்ள அமிலம் அதை மெல்ல மெல்லப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். கரையானும் பூஞ்சணமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முத்தையா தம் வீட்டிலேயே இவற்றோடு ஓயாமல் போராடினார்.

1992இல் அவர் காலமானபோது, விட்டுச் சென்றவை சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றைக் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. ஆனாலும் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகம் அமைந்தது. நொறுங்கும் பக்கங்கள் மைக்ரோஃபிலிமிலும் பின்னர் கணினியிலும் பதிவாயின.

இந்த வாழ்க்கையில் நமக்கொரு பாடம் உண்டு. நம் முன்னோர் கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து என்று எத்தனையோ நூல்களை அச்சிட்டார்கள், அரபுத்தமிழிலும் எழுதினார்கள். கிழிந்த குர்ஆன் பக்கங்களை மரியாதையோடு மண்ணிலோ நீரிலோ சேர்ப்பது நம் வழக்கம். எழுத்து அரபியாக இருப்பதால், என்ன நூலென்று பாராமல் அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் அவற்றோடு சேர்த்துவிடுகிறோம். அது ஒரே பிரதியாக இருந்தால், அந்த நூல் அன்றோடு முடிந்தது.

ஆகவே, அப்பா வீட்டுப் பரணையோ வாப்புச்சாவின் டிரங்குப் பெட்டியையோ ஒழிக்கும் முன், படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுவோம். துருப்பிடித்த ஊசிகளைப் பதமாகக் கழற்றுவோம். செல்லோ டேப் ஒட்ட வேண்டாம்; அதன் பசை தாளைக் கறையாக்கிக் கெடுக்கும். லேமினேஷனும் வேண்டாம். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொள்வோம். நம்மால் காக்க இயலாதென்றால் ஒரு நூலகத்திடம் ஒப்படைப்போம்.

பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர் ஒரு லட்சத்தைக் காத்தார். ஒரு குடும்பம் ஒரு பெட்டியைக் காக்கலாம்.