குறி தவறிய பையன் போலீஸ் தலைவர் ஆனார்!

பையனுக்கு வயது 13. அப்பா ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். நண்பர்கள் பறவைகளைக் குறி பார்த்துச் சுட்டார்கள். விழுந்தன. இவன் சுட்டான். ஒன்றும் விழவில்லை. அவர்கள் எதைச் சுடுகிறார்கள் என்பதே இவனுக்குத் தெரியவில்லை!

ஒரு நாள் நண்பர்கள் தூரத்து விளம்பரப் பலகையைப் படித்தார்கள். எழுத்துக்கள் பெரியவை. பையன் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. அப்பாவிடம் போய்ச் சொன்னான். மூக்குக்கண்ணாடி வந்தது. உலகமே புதிதாகத் தெரிந்தது.

அந்தப் பையன்தான் தியோடர் ரூஸ்வெல்ட். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். (இரண்டாம் உலகப் போரின்போது ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு. இருவரும் தூரத்து உறவினர்கள்.)

நள்ளிரவில் நகர்வலம்

1895ஆம் ஆண்டு நியூயார்க் நகரப் போலீஸ் கமிஷனர்கள் குழுவுக்கு ரூஸ்வெல்ட் தலைவரானார். அப்போது அந்தப் போலீஸ் படையின் பெயர் கெட்டுக் கிடந்தது. முந்தின ஆண்டுதான் சட்டசபைக் குழு ஒன்று விசாரணை நடத்தியிருந்தது. 15,000 டாலர் கொடுத்துப் பதவி வாங்கியதாக ஒரு காப்டனே சாட்சி சொன்னார். இப்படி வந்தவர்கள் ஊரைக் காப்பார்களா?

ரூஸ்வெல்ட் நள்ளிரவில் தெருத்தெருவாக நடந்தார், நம் கதைகளில் ராஜாக்கள் மாறுவேடத்தில் போவதைப் போல. காவலில் இருக்க வேண்டியவர்கள் தூங்கினார்கள். சிலர் அரட்டை அடித்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் ரூஸ்வெல்ட் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று!

சுடத் தெரியுமா?

போலீஸ்காரர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் ஆளுக்கு ஒரு ரகம். ஒருவர் தோட்டா இன்னொருவர் துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஒழுங்கான பயிற்சியும் கிடையாது. கூட்டம் நிறைந்த தெருவில் திருடனைப் பார்த்துச் சுட்டால், குண்டு யார் மேல் பாயும்? திருடன் தப்பலாம், வழியே போகிறவர் சாகலாம்.

குறி தவறுவது என்றால் என்ன என்று ரூஸ்வெல்ட்டுக்குச் சொல்லித்தர வேண்டுமா? எல்லோருக்கும் ஒரே மாதிரி ரிவால்வர் என்று ஏற்பாடு செய்தார். அது கோல்ட் கம்பெனியின் 0.32 அங்குல ரிவால்வர். 1895 டிசம்பரில் கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. குறி பார்ப்பதில் கெட்டிக்காரரான ஒருவரிடம் மற்றவர்கள் பாடம் கேட்டார்கள். நியூயார்க் போலீஸ் பயிற்சிக் கல்லூரிக்கு முன்னோடி அந்தப் பள்ளிதான். உடற்கட்டையும் அறிவையும் சோதித்தே புதியவர்களைச் சேர்த்தார். சிபாரிசு பலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் சொன்னதால் ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். உடன் இருந்த கமிஷனர்களோடும் சண்டை. 1897இல் பதவியை விட்டுப் போனார். இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை.

மார்பில் பாய்ந்த குண்டு

1901இல் ஜனாதிபதி மெக்கின்லியை ஒருவன் சுட்டுக் கொன்றான். துணை ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். 1909 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1912 அக்டோபர் 14. மில்வாக்கி நகரில் பிரசாரம். ஒருவன் ரூஸ்வெல்ட்டின் மார்பைப் பார்த்துச் சுட்டுவிட்டான்! சட்டைப்பையில் 50 பக்கப் பேச்சு மடித்து வைத்திருந்தது. கூடவே மூக்குக்கண்ணாடிக் கூடு. இரண்டையும் துளைத்ததில் குண்டின் வேகம் குறைந்துவிட்டது. உயிர் பிழைத்தார்.

கூட்டம் சுட்டவன் மேல் பாய்ந்தது. அவனை அடிக்கக்கூடாது என்று ரூஸ்வெல்ட் தடுத்தார். போலீஸார் அவனைக் கொண்டு போனார்கள். ரத்தம் கசியக் கசிய மேடை ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பிறகுதான் ஆஸ்பத்திரி!

குண்டை எடுப்பதில்தான் ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். 1919 ஜனவரி 6ஆம் தேதி தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட் காலமானார். அப்போதும் அந்தக் குண்டு அவர் உடலுக்குள்தான் இருந்தது.