கையை மாற்றிப் பிடித்தவர்: பாப்வா சேவ்கோலம்

நம் பக்கத்தில் கோல்ஃப் ஆடுபவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆட வேண்டுமென்றால் நந்தனம் வரை போக வேண்டும். ஆனால் அந்த மட்டை எப்படிப் பிறக்கிறது என்று சொன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து, ஹாமரால் அடித்து, பிறகு கிரைண்டிங், பாலிஷ். ஃபோர்ஜிங் வேலைதான். அந்தக் காலத்து 'அயர்ன்' மட்டைகள் இப்படி அடித்துச் செய்யப்பட்டவை. முகம் சிறியது, முதுகு தட்டை, விளிம்பு மெலிந்தது. அதனால் பிளேடு என்று பெயர். முகத்தின் நடுவில் ஒரு சிறு இடம் உண்டு. பந்து அங்கே பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, பந்து பாட்டுக்குப் பறக்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் முழங்கை வரை விண்ணென்று அதிரும், தூரமும் போய்விடும். 1960களின் இறுதியில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர், எடையை ஓரங்களுக்குத் தள்ளி வார்ப்பில் செய்த மட்டைகளைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் பிசகிய அடியையும் மட்டை ஓரளவு தாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. இன்றும் பழைய பிளேடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றால் மட்டுமே ஆடுகிற பிரியர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அந்தப் பிளேடு காலத்தில், யாரும் பிடிக்காத மாதிரி மட்டையைப் பிடித்து ஐரோப்பா வரை போய் ஜெயித்த ஓர் இந்திய வம்சாவளிக்காரரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். பெயர் சேவ்சங்கர் சேவ்கோலம். வீட்டிலும் வெளியிலும் 'பாப்வா'. ஊர், தென்னாப்பிரிக்காவின் டர்பன்.

டர்பனுக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போன முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கியவர்களில் தமிழர் நிறைய. பிறகு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. சிவசங்கர் என்ற பெயர்தான் அங்கே சேவ்சங்கர் என்று ஆகியிருக்கிறது. தோட்டக் கணக்குப் புத்தகங்களில் எத்தனையோ பேருடைய பெயர்கள் இப்படி நசுங்கியிருக்கின்றன.

பாப்வாவின் குடும்பம் ஏழைக் குடும்பம். வீடு இருந்தது ரிவர்சைட் என்ற பகுதியில். அருகிலேயே வெள்ளையர்களின் பீச்வுட் கோல்ஃப் கிளப். பையனுக்குப் பள்ளிப்படிப்பு அமையவில்லை. மரக்கிளையை வெட்டி மட்டையாக்கிப் பந்தடித்துப் பழகினான். சிறுவயதிலேயே கிளப்பில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலைக்குப் போனான். ஆடுபவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் அவன் பெற்ற பயிற்சி.

இங்கேதான் அந்தப் பிடி வருகிறது. வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். கிரிக்கெட் மட்டையையும் அப்படித்தான் பிடிக்கிறோம். தெருவில் முதன்முதலாக மட்டையைத் தொடும் குழந்தை கையை மாற்றிப் பிடித்தால், பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது ஓடிவந்து திருத்திவிடுவார். பாப்வாவைத் திருத்த யாரும் இல்லை. வலக்கை மேலே, இடக்கை கீழே என்று அவர் பாட்டுக்குப் பிடித்தார், கடைசிவரை அப்படியே ஆடினார். சரியாகப் பிடித்தவர்களுக்கே சோதனையாக இருந்த மட்டை அது. அதில் இந்தப் பிடி. பந்து என்னவோ நேராகத்தான் போயிற்று. பிடி தவறு, அடி சரி என்றால் எதைத் திருத்துவது? பிற்பாடு அந்தப் பிடிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

இந்தியர்களும் கறுப்பின மக்களும் தங்களுக்குள் நடத்திய போட்டிகளில் அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். வெள்ளையர் போட்டிகளில் இடமில்லை. வழி திறந்தவர் கிரகாம் வுல்ஃப் என்ற டர்பன் வேதியியலாளர். இன்று நம் மருந்துக்கடைகளில் 'ஓலே' என்று விற்கிற முகக் கிரீமின் மூலத்தை 1952இல் உருவாக்கியவர் அவர்தான். பாப்வாவுக்குத் தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார், ஆட்டத்தைப் பார்த்தார், 1959இல் ஐரோப்பாவுக்கே அழைத்துப் போனார். அந்த ஆண்டே பாப்வா டச்சு ஓபனை வென்றார். மறு ஆண்டு திரும்பவும் வென்றார். 1964இல் மூன்றாம் முறை. இடையில் 1963இல் பிரிட்டிஷ் ஓபனில் 13ஆவது இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். சொந்த ஊர் கிளப்பில் பை சுமப்பவராக மட்டும் நுழைய முடிந்த மனிதர், அயல்நாட்டில் கோப்பையோடு நின்றார்.

1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன். பெரும் முயற்சிக்குப் பிறகு அவருக்கு அனுமதி கிடைத்தது. அனுமதி புல்வெளிக்கு மட்டும். கிளப் கட்டடத்துக்குள் உடை மாற்றவோ, உட்கார்ந்து சாப்பிடவோ முடியாது; நிறவெறிச் சட்டங்கள் அப்படி. பாப்வா ஜெயித்துவிட்டார். பரிசளிப்பு நேரத்தில் மழை. மற்றவர்கள் கூரைக்குக் கீழே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். ஜன்னல் வழியாக நீட்டினார்கள் என்றும் ஒரு கதை உண்டு; எப்படிக் கொடுத்தார்கள் என்பதில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மழையில் நின்றது மட்டும் படமாக உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டுகளிலிருந்து விலக்க வேண்டும் என்று கேட்டவர்களின் கையில் அந்தப் படம் இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாடு சேர்க்கப்படவில்லை.

அந்த நாட்டுச் சட்டம் வேறு, காலம் வேறு. இருந்தாலும் இதைப் படித்தபோது, நம் சுற்றுவட்டார அடுக்ககங்களில் வீட்டு வேலைக்கு வருபவர்கள் எந்த லிஃப்டில் ஏறலாம் என்று கூட்டம் போட்டுப் பேசுவது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை.

1965இல் நேட்டால் ஓபனை அவர் மறுபடியும் வென்றார். இந்த முறை தோற்றவர்களில் கேரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டு அமெரிக்க ஓபனையும் எடுத்து, கோல்ஃபின் நான்கு பெரிய பட்டங்களையும் பூர்த்தி செய்தவர் அவர். (அதே 1965இல்தான் பில்லூ சேத்தி, தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாமலேயே கல்கத்தாவில் இந்திய ஓபனை வென்றார். அந்தப் பட்டத்தை எடுத்த முதல் இந்தியர் அவர். அவரைப் பற்றித் தனியாகவே ஓர் இதழில் எழுதலாம்.)

அதோடு அரசாங்கத்துக்குப் போதும் என்றாகிவிட்டது. ஒருமுறை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். நாட்டின் முதல் ஆட்டக்காரரையே முந்திவிட்டால் என்ன சொல்வது? வெள்ளையர் பங்கேற்கும் உள்ளூர்ப் போட்டிகளில் ஆட அவருக்கு அனுமதி மறுத்தார்கள். பாஸ்போர்ட்டையும் பறித்ததால் வெளிநாட்டுப் போட்டிகளும் போயின. ஆடுகளத்தில் அவரை யாரும் வீழ்த்தி ஓரங்கட்டவில்லை. நல்ல ஆட்டம் கையில் இருக்கும்போதே ஒரு காகிதத்தால் நிறுத்தப்பட்டார். கோல்ஃபைத் தவிர வேறு தொழில் கற்றவர் அல்ல அவர். குடும்பத்துக்குக் கஷ்ட ஜீவனம்தான். 1978இல், ஐம்பது வயதை எட்டுமுன்பே, மாரடைப்பால் இறந்தார். நிறவெறி ஆட்சி முடிய இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன.

இப்போது டர்பனில் உம்கேனி ஆற்றோரம் இருக்கும் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர்தான். அவர் கைகளை வைத்த முறையையும் பார்க்க வேண்டுமென்றால், டிவியில் பெரிய போட்டி வரும்போது கவனியுங்கள். குழிக்கு அருகில் வந்து மெதுவாகத் தட்டும் கட்டத்தில் ஜோர்டன் ஸ்பீத் போன்றவர்கள் இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். அவர்கள் அதைக் கடைசித் தட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பாப்வா முதல் அடியிலிருந்தே அப்படித்தான்.