ஒரு பக்கத்தையும் விடாத டைரக்டர்

1924-ம் வருஷம் ஜனவரி மாதம் ஹாலிவுட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு படத்தைப் பார்க்கக் காலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. படத்தின் நீளம் 42 ரீல்கள்! அதைவிட அதிகம் என்று சொல்வாரும் உண்டு. அந்தச் சிலர் பார்த்த அந்த முழுப் படத்தைப் பொது ஜனங்கள் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வழியில்லை.

படத்தின் பெயர் 'கிரீட்'. பேராசை என்று பொருள். எடுத்தவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம்.

தொப்பி வியாபாரியின் மகன்

ஸ்ட்ரோஹைம் 1885-ல் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் தொப்பி செய்து விற்றவர். 1909-ல் பிழைப்புத் தேடி அமெரிக்காவில் கால் வைத்தபோதோ, பிள்ளையாண்டான் தன்னை ஆஸ்திரியப் பிரபு என்று சொல்லிக்கொண்டார். பிரபு வம்சத்தாருக்குரிய 'வான்' என்ற அடைமொழியைத் தாமே பெயரில் சேர்த்துக்கொண்டார். ஒற்றைக் கண்ணாடி, மொட்டையடித்த தலை, விறைத்த கழுத்து, ராணுவ நடை என்று வேஷம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. உண்மை வெளியானது அவர் இறந்த பிறகுதான்.

கிரிஃபித்தின் படங்களில் துணை நடிகராகவும் உதவியாளராகவும் தொழில் பழகினார். முதல் மகாயுத்த காலத்தில் கொடிய ஜெர்மன் அதிகாரியாக வந்தார். ஒரு படத்தில் அழுகிற குழந்தையை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவார். ஜனங்கள் அவரை வெறுக்கவே டிக்கெட் வாங்கினார்கள்!

1919-ல் டைரக்டரானார். மூன்றாண்டு கழித்து 'ஃபூலிஷ் வைவ்ஸ்' படத்துக்காக மாண்டி கார்லோ நகரத்தையே ஸ்டூடியோ நிலத்தில் கட்ட வைத்தார். பட முதலாளிக்குத் தலை சுற்றியது. அடுத்த படம் பாதியில் இருக்கும்போதே அங்கே நிர்வாகியாக இருந்த இர்விங் தால்பெர்க் அவரை வெளியே அனுப்பிவிட்டார். தால்பெர்க்குக்கு அப்போது வயது 23.

ஒரு பல் வைத்தியனின் கதை

வேலை போன ஸ்ட்ரோஹைமை கோல்ட்வின் கம்பெனி அழைத்தது. அவர் கொண்டுவந்த கதை, ஃபிராங்க் நாரிஸ் 1899-ல் வெளியிட்ட 'மக்டீக்' என்ற நாவல். நாரிஸ் 1902-ல் 32 வயதிலேயே காலமானவர்.

சான்பிரான்சிஸ்கோவில் பட்டம் பெறாமலே பல் பிடுங்கிப் பிழைப்பவன் மக்டீக். அவன் மணக்கும் டிரைனாவுக்கு லாட்டரியில் 5,000 டாலர் விழுகிறது. அன்றிலிருந்து குடும்பத்தைச் சனி பிடிக்கிறது. அவளை மணக்க இருந்த நண்பன் மார்க்கஸ் பொறாமையில் அதிகாரிகளிடம் வத்தி வைக்க, மக்டீகின் தொழில் போகிறது. வறுமை வந்தும் அவள் காசை எடுக்கமாட்டாள். தங்க நாணயங்களைப் படுக்கையில் பரப்பி அவற்றின் மேலேயே உறங்குவாள். கடைசியில் அவளைக் கொன்று, பணத்தோடு மரணப் பள்ளத்தாக்குக்கு ஓடுகிறான் மக்டீக். மார்க்கஸ் துரத்திப் பிடிக்கிறான். சண்டையில் மார்க்கஸ் மடிகிறான். ஆனால் இருவர் கையையும் ஒரே விலங்கு பிணைத்திருக்கிறது. சுற்றிலும் பாலைவனம், குடிக்கத் தண்ணீர் கிடையாது.

இதே நாவலை 1916-ல் ஒரு கம்பெனி ஐந்து ரீலில் எடுத்து முடித்திருந்தது. ஸ்ட்ரோஹைமுக்கு அந்தக் கணக்கெல்லாம் பிடிக்காது. நாவலில் இருப்பது அத்தனையும் திரையில் வரவேண்டும் என்பது அவர் கட்சி. முக்கியக் கதை மட்டுமல்ல. இல்லாத தங்கப் பாத்திரங்களைப் பற்றியே பேசும் வேலைக்காரி மரியா, அந்தப் பேச்சைக் கேட்டே பைத்தியமாகும் பழைய சாமான்காரன் ஸெர்க்கோ, சுவருக்கு இருபுறமும் இருந்துகொண்டு காதலிக்கும் இரு முதியவர்கள் எல்லோரும் வேண்டும் என்றார்.

ஸ்டூடியோ அரங்கு உதவாது என்று சான்பிரான்சிஸ்கோவில் பழைய வீடுகளை வாடகைக்குப் பிடித்து, நடிகர்களை அங்கேயே தங்கிப் பழகச் சொன்னார். பாலைவனக் காட்சிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து மணல்மேடு போதாதா என்று கேட்டது கம்பெனி. ஸ்ட்ரோஹைம் நிஜமான மரணப் பள்ளத்தாக்குக்கே, அதுவும் கோடையில், ஆட்களை ஓட்டிப்போனார். வெயில் அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். பலர் நோயில் விழுந்தார்கள். மார்க்கஸாக நடித்த ஜீன் ஹெர்ஷோல்ட் உடல் மெலிந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். இத்தனையும் ஒரு புத்தகத்துக்கு உண்மையாக இருப்பதற்காக! இது கலைஞனின் வைராக்கியமா, கூட வந்தவர்கள் உடம்போடு விளையாடிய கொடுமையா என்றால், இரண்டும்தான்.

ஆனால் அவரும் புத்தகத்தை அப்படியே எடுத்துவிடவில்லை. கதையின் காலத்தை முன்னுக்குத் தள்ளினார். நாரிஸ் சில வரிகளில் முடித்த மக்டீகின் இளமையை ஒரு தனிப் பாகமாக வளர்த்தார். நாவலின் முடிவில் மக்டீகின் கானரிப் பறவை கூண்டுக்குள்ளேயே கீச்சிட்டுக்கொண்டிருக்கும். படத்தில் மக்டீக் அதை வெளியே எடுத்து விடுகிறான். அது பறக்க வலுவில்லாமல் விழுந்து சாகிறது. நாவலை வரிக்கு வரி காப்பாற்றினார் என்று அவரைப் புகழ்வோர் இதைச் சொல்வதில்லை. பார்க்கப்போனால் படத்தின் உருக்கமான இடங்களில் அதுவும் ஒன்று.

கத்தரி விழுந்தது

42 ரீலை ஸ்ட்ரோஹைமே 24 ஆக வெட்டினார். நண்பரும் டைரக்டருமான ரெக்ஸ் இங்கிராம் 18-க்குக் கொண்டுவந்து, இனி ஓர் அடி குறைந்தாலும் படம் கெடும் என்று எச்சரித்தார். அதற்குள், 1924 ஏப்ரலில், கோல்ட்வின் கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைந்து மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஆகிவிட்டது. படத்தின் மேல் அதிகாரம் செலுத்த வந்தவர் யார்? அதே தால்பெர்க்!

படம் வேறு கைகளுக்குப் போய் 10 ரீலாகச் சுருங்கியது. ஸெர்க்கோவும் மரியாவும் போனார்கள். முதியவர்களின் காதலும் போயிற்று. கடைசியாக வெட்டியவர் நாவலையோ திரைக்கதையையோ புரட்டிக்கூடப் பார்த்தவரல்ல என்று ஸ்ட்ரோஹைம் ஆயுள் முழுதும் குறைப்பட்டுக்கொண்டார். டிசம்பரில் நியூயார்க்கில் வெளிவந்த படம், கம்பெனிக்கு நஷ்டம். வெட்டிய சுருள்கள், அவற்றிலுள்ள கொஞ்சம் வெள்ளிக்காக அழிக்கப்பட்டன என்கிறார்கள்.

கம்பெனி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை எந்தக் கொட்டகைக்காரர் திரையிடுவார்? நாவலை ஒருவன் பத்து ராத்திரி படிக்கலாம். படத்துக்கு வந்தவன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே! இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டலாம் என்பது ஸ்ட்ரோஹைமின் யோசனை. அதைப் பரீட்சித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

1925-ல் 'மெர்ரி விடோ' நன்றாக ஓடியது. ஆனாலும் செலவாளி என்ற பெயர் அவரை விடவில்லை. 'குவீன் கெல்லி' 1929-ல் பாதியில் நின்றது. சில வருஷங்களில் டைரக்டர் நாற்காலி அடியோடு பறிபோய், மறுபடி நடிகரானார். 1937-ல் பிரெஞ்சுப் படமான 'கிராண்ட் இல்யூஷ'னில் ஜெர்மன் தளபதியாக வந்தார். 1950-ல் 'சன்செட் புலவார்ட்' படத்தில், ஒரு காலத்தில் பெரிய டைரக்டராயிருந்து பிறகு வேலைக்காரனாகிவிட்டவர் வேஷம்! வீட்டு எஜமானிக்கு அவளுடைய பழைய படத்தைப் போட்டுக் காட்டுவார். அந்தப் பழைய படத் துண்டு நிஜத்தில் அவரே எடுத்த 'குவீன் கெல்லி'.

வெட்டுப்பட்ட 'கிரீட்' படத்தைப் பார்க்க அவர் வெகு காலம் மறுத்துவந்தார். 1950 வாக்கில் பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் பார்த்தபோது கண் கலங்கினாராம். 1957 மே 12-ம் தேதி பிரான்சில் காலமானார்.

1999-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக, எஞ்சிய படத்தோடு, படப்பிடிப்பின்போது எடுத்த சுமார் 650 புகைப்படங்களைச் சேர்த்து, திரைக்கதையின் வழியே நான்கு மணி நேரப் படமாகத் தொகுத்தார்கள். ஸெர்க்கோவும் மரியாவும் அதில் திரும்பி வருகிறார்கள். மற்றவர்கள் நடமாட, அவர்கள் மட்டும் அசையாத புகைப்படங்களாக வருகிறார்கள்.